கெண்டைக்கால் பட்டை வலியைப் போக்குமா?

கேள்வி: என் பையன் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் ஓடுகிறான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஓடியதுமே இரண்டு காலிலும் முன்பக்கம் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போகிறது என்கிறான். நின்றுவிட்டால் சரியாகிவிடுகிறது. ‘காலின் நான்கு தசை அறைகளிலும் அழுத்தத்தைக் குறைக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி, ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு இறுக்கமான கால் பட்டை வாங்கினோம். அதைப் போட்டு ஓடினால் வலி இன்னும் சீக்கிரம் வருகிறது. போட்டுப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம். அந்தப் பட்டையோடு இனி ஓட வேண்டாம் என்று முதலில் பையனிடம் சொல்லுங்கள்.

நான்கு அறை என்பது உண்மைதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பாதத்தை மேலே தூக்கும் தசைகள். வெளிப்பக்கம் பெரோனியஸ் தசைகள். பின்னால், கால் பிடித்துவிடும்போது கைக்குச் சிக்கும் கெண்டைத்தசை, அதன் அடியில் சோலியஸ் என்ற தசை; இரண்டும் ஒரே அறை. அதற்கும் உள்ளே, எலும்பை ஒட்டி விரல்களை மடக்கும் தசைகள். ஒவ்வொரு அறையையும் சுற்றி எளிதில் விரியாத உறை இருக்கிறது. ஓடும்போது ரத்தம் பாய்ந்து தசை பருக்கும். சிலருக்கு உறை அதற்கு இடம் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் நெருக்கும். அப்படிப்பட்ட காலுக்கு வெளியிலிருந்தும் இறுக்குவது, திணித்த மூட்டைக்கு இன்னொரு கயிறு போடுகிற வேலை.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வீங்கினால், டாக்டர் சொன்ன அளவில் அழுத்தக் காலுறை நிச்சயம் உதவும். அது காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருளும் நரம்புச் சுருளுக்கும் வீக்கத்துக்குமான பொருள். உங்கள் பையனின் பிரச்சினை வேறாகத் தெரிகிறது.

ஓடி நின்றதும் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உணர்வு மங்கியிருந்தால், முன்னறை வழியாகப் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். கணைக்கால் எலும்பின் உள்ஓரம் நெடுக அழுத்தினால் வலிக்கிறது, மரப்பு இல்லை என்றால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய அழற்சி; ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பலருக்கும் தணியும். எதுவானாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் அறைக்குள் அழுத்தத்தை ஊசி வைத்து அளப்பதுதான் அறை நெருக்கமா என்பதை உறுதி செய்யும் சோதனை.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது: அடிபட்டோ எலும்பு முறிந்தோ கால் விறைத்து, விரலை அசைத்தாலே உயிர் போகிற வலி என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும்.

சரி, இப்போது பணம். அந்த விளம்பர வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘போட்டுப் பார்த்த பொருள்’ என்று அவர்கள் சொன்னால், நீங்கள் கேட்பது அளவு மாற்றம் அல்ல, தவறான விளம்பரத்துக்கான பணம் என்று தெளிவாக எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும்.