எல்லாரும் கேமராவையே கேட்கிறீர்கள்: ஒரு விஸ்காம் மாணவியின் கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் மூன்று வருஷம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தேன். அப்புறம் இரண்டு வருஷம் கல்யாண வீடியோ எடுக்கும் குழு ஒன்றில் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும். இப்போது தொடர்பியலில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. வகுப்பு இருக்கும் நாளில் வகுப்பு, முகூர்த்த நாளில் மண்டபம், மிச்ச நேரம் சமுதாய வானொலி. படிப்பு, வேலை, பொழுதுபோக்கு என எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். முப்பதுக்கு மேல் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பிளஸ் டூ முடிச்சிட்டேன், விஸ்காம் சேரப் போறேன். எந்த கேமரா வாங்கணும்? (திருச்சியிலிருந்து ஒரு தம்பி, கூடவே இன்னும் பதினோரு பேர்)

வாங்காதே தம்பி. முதல் வருஷம் கல்லூரியிலேயே கேமரா தருவார்கள். நீ கற்றுக்கொள்ளும் முன்பே உன் மாடல் பழசாகிவிடும். கையில் இருக்கும் போன் போதும். அதில் ப்ரோ மோடு (கேமரா அமைப்பை நாமே மாற்றும் வசதி) இருந்தால் ஒன்று மட்டும் செய்து பார். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பாய். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும். அறுபதில் ஒன்று வைத்தால் திரும்ப வரும். இது புரிந்துவிட்டால் பாதி மண்டபத்தில் நீ பிழைத்துக்கொள்வாய்.

காசு கையில் இருந்தால் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கு. ஏன் என்று கீழே வருகிறது.

ஒலிப்பதிவுன்னா மைக்கைக் குத்திட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்குறதுதானே? அதுக்கு ஒரு ஆளா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

படம் கொஞ்சம் ஆடினால் 'ஸ்டைல்' என்று சொல்லித் தப்பிக்கலாம். பேச்சு கேட்கவில்லை என்றால் பார்ப்பவர் பத்து நொடியில் கிளம்பிவிடுவார். இரண்டாம் வருஷம் நெசவாளர் பாட்டி ஒருவரைப் பேட்டி எடுத்தேன். ஒரு மணி நேரம் மனசுவிட்டுப் பேசினார். அறைக்கு வந்து கேட்டால், வார்த்தைக்கு வார்த்தை 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். தாலிச் சங்கிலி மைக்கில் இடித்திருக்கிறது. கூடவே கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் சரசரப்பு. தலைக்கு மேல் மின்விசிறி வேறு. எதையும் எடுக்க முடியவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது பாட்டி அதே கதையை மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டார். 'அதான் அன்னைக்கே சொன்னேனே!'

அன்றிலிருந்து என் பழக்கம் இது. காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, சங்கிலி தொடாத பக்கமாகக் குத்துவேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன், வேர்த்தாலும் பரவாயில்லை. ஃப்ரிட்ஜையும் அணைப்பேன். அணைத்ததும் என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்து, அந்த வீட்டுப் பால் கெட்டு, நம் பேரும் கெடும். பேட்டி முடிந்த பிறகு எல்லாரையும் வாயை மூடச் சொல்லி அரை நிமிஷம் வெறும் அறையைப் பதிவு செய்வேன். எடிட்டில் இரண்டு வாக்கியத்தை ஒட்டும்போது நடுவில் போட அந்த 'வெறும் சத்தம்' வேண்டும். அந்த அரை நிமிஷத்தில்தான் எதிர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அடிக்கட்டும், இன்னொரு முறை எடுக்கலாம்.

ஹெட்போன் எதற்கு என்றால், இதெல்லாம் அங்கேயே காதில் விழ வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்டுப் புண்ணியமில்லை.

என் பையன் இந்தப் படிப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். கேட்டா சினிமாங்கறான். வேலை கிடைக்குமாம்மா? (மதுரையிலிருந்து ஒரு அப்பா)

ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சினிமாவுக்காகத்தான் சேர்ந்தார்கள். இன்று சினிமாவில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஆனால் சும்மா இருப்பவர்கள் என்று யாரும் இல்லை. ஒருத்தி சப்டைட்டில் எழுதுகிறாள், ஒருவன் ஐடி கம்பெனிக்குப் பயிற்சி வீடியோ செய்கிறான், இன்னொருவன் விளம்பர ஏஜென்சியில் இருக்கிறான், இரண்டு பேர் செய்தித் தொலைக்காட்சி டெஸ்க்கில். ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: 'சினிமாவில் என்ன வேலை?' 'டைரக்‌ஷன்' என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். 'எடிட்டிங், சவுண்டு, கலர்' என்று எதையாவது பிடித்துச் சொன்னால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

சமுதாய வானொலியில என்ன பண்றீங்க? ஆர்ஜே மாதிரியா?

இல்லை, அதைவிடச் சின்னது. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி சென்னையில்தான் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 90.4, பிப்ரவரி 2004. இப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஒலிபரப்பு சக்தி குறைவு. சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

செய்தி இல்லாத வானொலி எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். முதியோர் உதவித்தொகைக்கு எந்த ஃபாரம், தண்ணீர் லாரி எப்போது வரும், குழந்தைக்குத் தடுப்பூசி எந்தக் கிழமை என்று பேசுவோம். பேசுபவரும் அந்தத் தெருக்காரர்தான். ஒரு இட்லிக்கடை அக்கா நிகழ்ச்சி செய்தபோது கேட்டவர்கள் எல்லாம் மறுநாள் கடைக்கே வந்து சந்தேகம் கேட்டார்கள். போனில் யாரும் கூப்பிடவில்லை.

சப்டைட்டில் எழுத ஆசை. தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்சா போதுமா?

தெரிந்தால் ஆரம்பிக்கலாம். போதாது. ஆங்கில சப்டைட்டிலுக்கு வழக்கமான எல்லை இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து. அதற்குள் அடக்க வேண்டும், படிக்கவும் நேரம் விட வேண்டும். சிக்கல் பெரிய வசனத்தில் வராது, சின்ன வசனத்தில்தான் வரும். ஒரு குறும்படத்தில் மாமியாரும் மருமகளும் இரண்டு நாளாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமியார் 'சாப்பிட்டியா?' என்கிறார். அது மன்னிப்பு. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் வெறும் விசாரிப்பாக நிற்கும். 'மன்னித்துவிடு' என்று எழுதினால் படமே கெட்டுவிடும். நான் அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, 'இன்னும் சாப்பிடலையா நீ?' என்கிற தொனி வரும்படி எழுதினேன். இயக்குநருக்குப் பிடித்தது. எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை.

'போயிட்டு வரேன்' இன்னொரு தலைவலி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

குறும்படத்துல பாரதியார் பாட்டைப் போடலாமா? காப்பிரைட் வருமா?

பாடல் வரிக்கு வராது. பாரதியின் எழுத்துகள் பல வருஷம் முன்பே பொதுச் சொத்தாகிவிட்டன. ஆனால் யாரோ இசையமைத்து, யாரோ பாடி, ஏதோ ஒரு கம்பெனி வெளியிட்ட பதிவு வேறு சரக்கு. ஒலிப்பதிவுக்கு நம் சட்டத்தில் 60 வருஷ உரிமை உண்டு. படத்திலிருந்து பாட்டை வெட்டி எடுத்துப் போட்டால் யூடியூப் மறுநாளே கண்டுபிடிக்கும். உங்கள் வகுப்பில் நன்றாகப் பாடும் ஒருத்தியைப் பிடித்து, புது மெட்டில் பாட வையுங்கள். பிரச்சினையும் இல்லை, படமும் உங்களுடையதாக இருக்கும்.

கல்யாண வேலையில காசு ஒழுங்கா வருமா அக்கா? எங்க டீம்ல 'எக்ஸ்பீரியன்ஸ்தான் சம்பளம்'ங்கறாங்க.

எனக்கும் அதே சம்பளம் கொடுத்தார்கள், நாலு மாசம். பெயர் வேண்டாம். கடைசியில் பாக்கி வரவே இல்லை. இப்போது பாதிப் பணம் முன்னால் வராமல் பேட்டரிகூட சார்ஜ் போட மாட்டேன். மீதி வந்த பிறகுதான் முழு ஃபைல், அதுவரை பேர் பொறித்த சின்ன காப்பிதான். ஆடி மாசத்தில் கல்யாணமே இருக்காது. அந்த மாசத்துக்கு இப்போதே காசு எடுத்து வை.

வேலையைப் பற்றியும் கொஞ்சம். தாலி கட்டும் நேரம் மொத்தமே சில நொடிதான், இரண்டாம் டேக் கிடையாது. ஐயர் விரலை ஆட்டியதும் கெட்டிமேளம் கிளம்பும். அந்த நொடியில் ஒலி அளவு எகிறிப் பதிவு உடைந்துவிடும். அதனால் மேளக்காரர் பக்கம் ஒரு மைக்கை அளவு குறைத்துத் தனியாக வைத்துவிடுவேன். அப்புறம் அட்சதை. முன்னால் நிற்கும் சித்தப்பாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை ஓங்குவார்கள், லென்சில் அரிசியும் முழங்கையும்தான் தெரியும். மேடையின் பக்கவாட்டில், பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் தப்பலாம். அந்த அம்மாவின் முகமும் கிடைக்கும். உண்மையில் ஆல்பத்தில் எல்லாரும் நின்று பார்ப்பது அதைத்தான்.

ரீல்ஸ் பாக்குறது எங்க படிப்புல ஒரு பகுதின்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். சரிதானே?

அம்மாவிடம் நான் பேச மாட்டேன்.

சென்னையில காசு செலவில்லாம நல்ல படம் பாக்க, படிக்க எங்க போகலாம்?

நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலையன்ஸ் பிரான்சேஸ், காதர் நவாஸ் கான் சாலைப் பக்கம் ரட்லேண்ட் கேட்டில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கோதே நிறுவனம். இரண்டிலும் அவ்வப்போது இலவசத் திரையிடல் நடக்கும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, 2003 முதல் நடக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, மாணவர்களுக்குக் குறைவு. படிக்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படிக்கவும் இடம் இருக்கிறது. பரீட்சை நேரத்தில் சீக்கிரம் போனால்தான் உட்கார முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் செட்டியார் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சுப் பொருள்களில் தொடங்கியது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் எல்லாம் அங்கே இருக்கின்றன. போஸ்டர் டிசைன் செய்பவர்கள் ஒரு நாள் அந்த எழுத்துருக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காசிமேட்டுக்கு போட்டோ வாக் போகலாமா?

போகலாம், ஆனால் விடிகாலையில் அங்கே நடப்பது மீன் ஏலம். ஒரு கூடைக்குக் குறுக்கே நீ நின்றால் அவருக்கு நஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மீனைவிட கேமரா அதிகமாக இருப்பது போலத் தோன்றும். கேட்டு எடு, எடுத்ததைக் காட்டு, அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. அப்படிக் கொடுத்த பிறகுதான் என்னை ஒரு அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

வேலையே இதுதான்னா ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?

சத்தம் சேர்ப்பேன். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகும் ரயிலில் கடலை விற்பவர், எங்கள் முனைக்கடையில் கொத்து பரோட்டா கல், மழைக்கு முந்தைய தவளை, இப்படி. யாருக்கும் போட்டுக்காட்டுவதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் வெளியே போனது. எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, கத்த முடியவில்லை. மகன் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் போட அவர் குரலையே எங்கள் மொட்டை மாடியில் வைத்துப் பதிவு செய்துகொடுத்தேன். 'அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை...' தொண்டை சரியாகும்வரை ஒரு வாரம் காத்திருந்து எடுத்தது. கூலி இரண்டு கட்டு பொன்னாங்கண்ணி. தினமும் காலை 7 மணிக்கு அது தெருவில் போகிறது. 'முருங்கைக்கீரை' என்று வரும் இடத்தில் பின்னால் ஒரு காக்கா கத்தும். எடுத்துவிடவா என்று கேட்டேன். 'இருக்கட்டும், அது என் கூடவே வர்றதுதானே' என்றார்.