வாசகர் கேள்வி பதில்: சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வாற கதையள்

கேள்வி: ஏ.எல். சோதனை எழுதிப்போட்டு ரிசல்ட் வருமட்டும் வீட்டில நிக்கிறன். போனில ஸ்பேஸ் சண்டை கேம் விளையாடி விளையாடி அலுத்துப் போச்சு. அதே மாதிரி ஆமி, விண்கப்பல், வேற்றுக்கிரகம் எல்லாம் வாற விஞ்ஞான நாவல் சொல்லுங்கோ, எதில தொடங்கிறது?
- ஒரு தம்பி, மல்லாவி

பதில்: தம்பி, ஒண்டே ஒண்டுதான் வாசிப்பன் எண்டா ஜோ ஹோல்ட்மன் எழுதின 'த ஃபோரெவர் வோர்' எடும். 1974இல வந்தது, விஞ்ஞானக் கதையளுக்குக் குடுக்கிற ஹியூகோ, நெபியூலா எண்ட ரெண்டு பெரிய பரிசும் எடுத்தது. எழுதின ஆள் பிசிக்ஸும் வானியலும் படிச்சு முடிச்ச கையோட வியட்நாம் சண்டைக்குக் கட்டாயத்தில அனுப்பப்பட்டு அங்க காயப்பட்டு வந்தவர், அதால அந்தக் கதையில பயம் எண்டா உண்மையான பயம். கதையில வாற மண்டெல்லா எண்ட பெடியனும் அவரை மாதிரியே பிசிக்ஸ் படிச்சவன், அவனையும் கட்டாயத்திலதான் எடுக்கினம். கப்பல் ஒளியின்ர வேகத்துக்குக் கிட்டவா ஓடுது, ஐன்ஸ்டைன் சொன்ன கணக்குப்படி அவனுக்குச் சில மாசம் போக பூமியில பத்துப் பத்து வருசமா, பிறகு நூறு நூறு வருசமாப் போகுது. திரும்பி வந்து பாத்தா விலைவாசி, சனம், கதைக்கிற பாஷை எல்லாம் மாறிக் கிடக்கு, அவனுக்கெண்டு மிஞ்சினது திரும்பவும் ஆமிதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, நாங்கள் எங்கட சண்டை முடிஞ்சு முகாமால வந்து ஊருக்குள்ள இறங்கின அண்டைக்கு எங்கட வளவு எது எண்டு எங்களுக்கே தெரியேல்லை, வேலி இல்லை, நிண்ட பூவரசு இல்லை, பனையளுக்குத் தலை இல்லை, பத்தையை வெட்டிக்கொண்டு போய் கிணத்துக்கட்டில கத்தி பட்டாப் பிறகுதான் அம்மா "இதுதானடா எங்கட காணி" எண்டு அதில குந்தினவ. மண்டெல்லா வீட்டுக்கு வாற அத்தியாயத்தை வாசிக்கேக்கை எனக்கு அந்தக் கிணத்துக்கட்டுத்தான் வந்தது. நாவலில வாற சண்டை 1143 வருசம் நடக்குது. அது ஏன் தொடங்கினது எண்டு கடைசியில தெரிய வரும், அதை நான் சொல்ல மாட்டன், ஆனா அந்தப் பக்கத்துக்குப் பிறகு நான் புத்தகத்தை மூடிப்போட்டு கன நேரம் வெளியில இருந்தனான்.

நீர் கேமில போடுற கவச உடுப்பு இருக்கெல்லே, அது விஞ்ஞானக் கதையளில பேரெடுத்தது ரொபர்ட் ஹைன்லைனின்ர 'ஸ்ரார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலால, 1959. விறுவிறுப்பா ஓடும். ஆனா அந்த உலகத்தில அரச சேவை முடிச்ச ஆளுக்கு மட்டும்தான் வாக்குப் போடுற உரிமை, எழுதினவர் அதை நல்ல விசயம் எண்டு நம்பி எழுதியிருக்கிறார். அவர் அமெரிக்கக் கடற்படையில அதிகாரியா இருந்து காசநோயால 1934இல விலகினவர், சண்டை கண்டவர் இல்லை. நான் அந்தக் கருத்தோட ஒத்துப்போகேல்லை, சண்டைக்க அம்பிட்ட சனத்துக்குச் சொல்லுறதுக்கு அதில இடமே இல்லை. எண்டாலும் வாசியும், ஹோல்ட்மனை முடிச்சிட்டு வாசியும், அப்பத்தான் ரெண்டு பேரும் ஆளோட ஆள் வாதாடுறது உமக்குக் கேக்கும்.

கேள்வி: தம்பி, என்ர மகனுக்கு 15 வயசு. பங்கருக்குள்ள இருந்து வந்த சனம் நாங்கள். இன்னும் ஏன் பிள்ளையளுக்குச் சண்டைக் கதை? வேற ஒண்டும் இல்லையோ வாசிக்க?
- ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வேண்டாம் எண்டு மனம் சொன்னா வேண்டாம், விடுங்கோ. வண்டு எண்டு நாங்கள் சொல்லுற ஆளில்லா வேவு விமானம் சுத்திற சத்தம் மாதிரி ஒண்டு கேட்டாலே இப்பவும் எனக்குக் கை நடுங்கும், நானும் கன வருசம் சண்டை எண்டு அட்டையில கிடந்தா அந்தப் புத்தகத்தைத் தொடேல்லை. பிறகு ஏன் தொட்டனான் எண்டா, எங்கட சண்டையைப் பற்றி ஆர் எழுதினாலும் நாங்கள் முதல் பாக்கிறது எழுதினவர் எந்தப் பக்கம் எண்டுதான், அதைப் பாத்து முடியவே கதை முடிஞ்சிடும். வேற கிரகத்தில நடக்கிற சண்டையில அந்தக் கேள்வி இல்லை. செத்த ஆளை செத்த ஆளாப் பாக்கலாம்.

ஒரு கதை சொல்லுறன். லோயிஸ் மக்மாஸ்ரர் புஜோல்ட் எண்ட எழுத்தாளர் 1986இல எழுதின 'ஷார்ட்ஸ் ஒஃப் ஹொனர்' நாவலின்ர கடைசியில 'ஆஃப்டர்மாத்ஸ்' எண்டு ஒரு சின்னப் பகுதி. சண்டை முடிஞ்சிட்டுது, விண்வெளியில மிதக்கிற உடல்களைத் தேடி எடுக்க ஒரு கப்பல் போகுது, அதில ரெண்டே ரெண்டு பேர், சண்டையைக் காணாத ஒரு இளம் பெடியனும் அவனை விட வயசில மூத்த ஒரு மருத்துவப் பெண்ணும். அவ ஒவ்வொரு உடலையும் துடைச்சு, உடுப்பைச் சரிசெய்து, ஆர் எண்டு அடையாளம் கண்டு பேர் பதியிறா. எதிரியின்ர ஆளெண்டாலும் அதே கவனம்தான். பெடியனுக்கு முதல் அருவருப்பாக் கிடக்கு. கடைசியா எடுக்கிற உடல் ஆற்றை எண்டு நீங்கள்தான் வாசிக்கோணும். கிளிநொச்சி றோட்டுக்கரையில 2017 பெப்ரவரியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட இருக்கத் தொடங்கின அம்மாமாரைக் கடந்து போகேக்கை எல்லாம் எனக்கு அந்தக் கப்பல் ஞாபகம் வருது. இவைக்கு ஒரு கப்பலும் போகேல்லையே அக்கா.

மகனுக்கு ஆராவது 'எண்டர்ஸ் கேம்' குடுத்தா, 1985, ஓர்சன் ஸ்கொட் கார்ட் எழுதினது, முதல் நீங்கள் பாருங்கோ. ஆறு வயசுப் பிள்ளையை வீட்டால கூட்டிக்கொண்டு போய்ச் சண்டைக்குப் பழக்கிற கதை. நல்ல நாவல்தான், ஆனா வெளிநாட்டு வாசகருக்கு அது கற்பனை, எங்களுக்கு இல்லை. மகன் வாசிச்சா நீங்களும் பக்கத்தில இருந்து வாசியுங்கோ, அவர் கேக்கிற கேள்வியளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ.

கேள்வி: இங்கிலிஸ் மட்டுமட்டு. இதெல்லாம் வாசிக்க ஏலுமோ?
- ஒரு தங்கச்சி, ஒட்டுசுட்டான்

பதில்: ஏலும் தங்கச்சி. ஜோன் ஸ்கால்சியின்ர 'ஓல்ட் மான்ஸ் வோர்' எடுங்கோ, 2005இல வந்தது, சின்னச் சின்ன வசனம், நிறையப் பேச்சு. 75 வயசு வந்த கிழவன் ஒருத்தன் மனிசியின்ர கல்லறைக்குப் போய்ப் பாத்திட்டு ஆமியில சேருறான், புது உடம்பு குடுக்கினம், ஆனா பூமிக்குத் திரும்பி வர விடமாட்டினம். நாளுக்கு நாலு பக்கம் போதும், விளங்காத சொல்லை எல்லாம் தேடிக்கொண்டு நிக்காதைங்கோ, பக்கத்துக்கு மூண்டு சொல்லுப் பாத்தாக் காணும். அதுவும் கஷ்டம் எண்டா 'ஃபோரெவர் வோர்' படக்கதையாவும் இருக்கு, மார்வானோ எண்ட பெல்ஜியம் ஓவியர் கீறினது, மண்டெல்லா வீட்டுக்கு வாற இடத்தை முகத்திலேயே காட்டியிருக்கிறார். வாசிச்சிட்டு எழுதுங்கோ.