தை மாதக் கல்யாணம், நவம்பரில் கார்டு: ரிவார்டு கார்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

கேள்வி: தை கடைசியில் மகள் கல்யாணம். மார்கழி பிறக்குமுன் பட்டு எடுத்துவிடுவோம். பட்டு, பாத்திரம், நகைப் பாக்கி எல்லாம் சேர்த்து 3 லட்சம் கார்டில் போகும். ஒரு வங்கியின் ரிவார்டு கார்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய். 150 ரூபாய்க்கு 4 பாயின்ட். முதல் 90 நாளில் 1 லட்சம் செலவழித்தால் 10,000 பாயின்ட் கூடுதல். ஒரு பாயின்டுக்கு 25 பைசா. இப்போதே போட்டுவிடலாமா? கையில் உள்ள பழைய கார்டின் லிமிட் 1 லட்சம், மாதம் 70,000 வரை தேய்க்கிறேன். பில் தேதி 12.
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: ஆடித் தள்ளுபடி சமயத்தில் போட்டால் 90 நாள் ஐப்பசியோடு முடிந்துவிடும், பட்டு எடுக்கும்போது கூடுதல் பாயின்ட் கிடைக்காது. டிசம்பரில் போட்டால் கார்டு வருவதற்குள் புடவை எடுத்து முடித்திருப்பீர்கள். உங்களுக்குச் சரியான நேரம் நவம்பர் முதல் வாரம். ஒப்புதல், வீடியோ கேஒய்சி, கூரியர் எல்லாம் முடிய இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். 90 நாளைக் கார்டு வழங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்களா, கட்டணம் கட்டிய நாளிலிருந்தா என்பதை மட்டும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 20இல் கார்டு வந்தால் பிப்ரவரி நடு வரை நாள் இருக்கிறது, கல்யாணச் செலவு முழுக்க அதற்குள் அடங்கும்.

அதற்கு முன் அக்டோபரில் ஒரு வேலை. 1 லட்சம் லிமிட்டில் 70,000 பில் வந்தால், நீங்கள் கெடு தவறாமல் முழுத் தொகையும் கட்டினாலும், புது வங்கியின் கண்ணுக்கு லிமிட்டில் 70 சதவீதத்தைத் தின்றவராகத்தான் தெரிவீர்கள். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. எனவே அக்டோபர் 10ஆம் தேதியே, பில் விழுமுன், 50,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். 12ஆம் தேதி பில் 20,000 என்று விழும். மீதி நாட்களிலும் கார்டை அளவாகத் தேயுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இரண்டு தடவையாவது இந்த விவரத்தை, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து அறிக்கையும் ஸ்கோரும் (மதிப்பெண்) போடும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், மாதக் கடைசிக்குள் அறிக்கையில் ஏறிவிடும். ஸ்கோரை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். சொந்த ஸ்கோரைப் பார்ப்பதால் அது குறையாது. 750க்கு மேல் இருந்தால் போடலாம்.

இனி லாபக் கணக்கு. 2,500 கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி 450 சேர்ந்து 2,950 ரூபாய். கூடுதலாக வரும் 10,000 பாயின்டின் மதிப்பு 2,500. ஆக, தொடக்கத்திலேயே 450 ரூபாய் கைநட்டம். 3 லட்சத்துக்கும் பாயின்ட் கிடைத்தால் 8,000 பாயின்ட், அதாவது 2,000 ரூபாய். ஆனால் நகைக்கடைச் செலவுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் இல்லை. நகை 1 லட்சம் என்று வைத்து அதைக் கழித்தால் 1,333 ரூபாய்தான் தேறும். கைநட்டம் போக மிச்சம் 883. இதில் ஒரு கடைக்காரர், “கார்டுன்னா 2 பர்சென்ட் சேரும்மா” என்று 50,000 ரூபாய் பில்லில் 1,000 ஏற்றினால் மொத்த லாபமும் அங்கேயே காலி. அப்படிக் கேட்கும் கடையில் கார்டை வெளியே எடுக்காதீர்கள், வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் கட்டுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வட்டி. கல்யாணச் செலவில் 1 லட்சத்தை ஒரு மாதம் தள்ளிக் கட்டினால், மாதம் 3.5 சதவீதத்தில் 3,500 ரூபாய் வட்டி, அதற்கு ஜிஎஸ்டி 630. 883 ரூபாய்க்காக 4,130 கொடுத்த கதையாகும். பணம் வங்கியில் தயாராக இருந்தால் மட்டும் இந்தக் கார்டு.

இன்னும் இரண்டு விஷயம். புது வங்கி முதலில் ஒரு லட்சம்தான் லிமிட் தரலாம். அப்படியானால் பட்டு எடுத்ததும் அந்தத் தொகையைக் கட்டி லிமிட்டைக் காலியாக்கிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள். அடுத்தது, புதுக் கார்டில் ஆன்லைன் வசதி மூடியேதான் வரும். வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிடுங்கள். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று கஸ்டமர் கேரைக் கூப்பிடுபவர்கள் பலருக்கு இதுதான் சிக்கல்.

கேள்வி: நான்கு மாதத்தில் 40 லட்சம் வீட்டுக்கடன் எடுக்கப் போகிறேன். மாலில் ஒருவர் நல்ல பயணக் கார்டு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
(ஒரு வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். கடன் தொகை கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். கார்டுக்கு விண்ணப்பித்தாலே வங்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், அது விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரில் சில புள்ளிகளைக் குறைக்கும். பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியை ஸ்கோரை வைத்துத்தான் நிர்ணயிக்கின்றன. அந்தச் சில புள்ளியால் நீங்கள் ஒரு படி கீழே இறங்கி, 8.5க்குப் பதில் 8.75 சதவீதம் என்று ஆனால், 20 வருடக் கடனில் மாதத் தவணை சுமார் 635 ரூபாய் கூடும். வட்டி அப்படியே நீடித்தால் மொத்தம் ஒன்றரை லட்சம். பயணக் கார்டு உள்ளே விடும் எந்த விமான நிலைய லவுஞ்சிலும் அத்தனை ரூபாய்க்குச் சாப்பிட முடியாது.

கேள்வி: ஒரே வாரத்தில் மூன்று வங்கியில் போட்டேன், மூன்றிலும் மறுத்துவிட்டார்கள். நான்காவதாக ஓர் ஆப் ‘உடனடி ஒப்புதல்’ என்கிறது.
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: அந்த ஆப்பைத் தொடாதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுங்கள். ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) அல்லது ‘ரிட்டன் ஆஃப்’ (வசூலாகாது என்று வங்கி தள்ளிவைத்தது) என்று பழைய கடன் நிற்கிறதா, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கடன் நிலுவையில் இருக்கிறதா, உங்களுடையது அல்லாத கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தவறு எதுவும் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள். அவசரமானால் வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டு வாங்கி ஒழுங்காகக் கட்டி வாருங்கள். ரிவார்டு சுமார்தான், ஆனால் நல்ல கடன் வரலாறு எழுதும்.

கேள்வி: புதுக் கார்டு வந்தபின் பத்து வருடப் பழைய கார்டை மூடிவிடலாமா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் வைத்திருங்கள். அதன் வயதும் லிமிட்டும் உங்கள் ஸ்கோருக்குத் துணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசார்ஜாவது செய்யுங்கள், ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்தால் வங்கியே தகவல் சொல்லிவிட்டு மூடலாம். கட்டணக் கார்டு என்றால் பாயின்டைத் தீர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரவேண்டும். அதனால் கேட்ட தேதிக்குச் சாட்சியாக மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.