போர்டில் 'டாக்டர்' போடலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 43. ஸ்ரீராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்து இயற்கை மருத்துவ டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். கடையின் முன்பாதியை கிளினிக் ஆக்கி, என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டு போர்டு மாட்டலாம் என்கிறான் மகன். "இதற்கு மத்தியச் சட்டமே இல்லை, யாரும் கேட்க முடியாது" என்று படிப்பு நடத்தியவர்களும் சொன்னார்கள். மாட்டலாமா?
- வாசகி, பெங்களூரு

பதில்: மாட்டாதீர்கள், அம்மா. போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் நிறுத்திவிடுங்கள்.

அவர்கள் சொன்னதில் முதல் பாதி சரி. இந்திய மருத்துவ முறைகளுக்காக 2020-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய வைத்தியமான சோவா ரிக்பா எல்லாம் உண்டு. இயற்கை மருத்துவம் இல்லை. ஆனால் நீங்கள் இருப்பது கர்நாடகத்தில். இங்கே வைத்தியர்களைப் பதிவு செய்ய 1961-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரிலேயே இயற்கை மருத்துவமும் யோகாவும் வருகின்றன. பதிவுக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவ, யோகா பட்டம்: நாலரை வருடம் கல்லூரி, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் வேலை. தபாலில் முடிக்கிற படிப்பு இல்லை அது. கிளினிக் என்று கதவைத் திறந்தால், தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2007-ம் வருடச் சட்டப்படி அந்த இடத்தையும் பதிய வேண்டும். அங்கே போனால் வைத்தியரின் பதிவு எண் எங்கே என்பார்கள்.

"புத்தகத்தில் இல்லாதது கல்லூரியில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். என் தப்பையே சொல்கிறேன்.

பட்டமும் பதிவும் வாங்கி உட்கார்ந்த முதல் வருடம். அல்சூரிலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, எடை குறைக்க வந்தார். எலுமிச்சைச் சாறும் தண்ணீருமாக இரண்டு நாள் உபவாசம் எழுதிக் கொடுத்தேன். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, "காலையில் ஒன்று, சின்னதாக இருக்கும்" என்றார். சீட்டைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது கிளிமிபிரைடு. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. மறுநாள் காலை என் பெஞ்சில் சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்திருந்தார். பேர் கேட்டால் முழிக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிழைத்தார். என் கை நடுக்கம் நிற்கத்தான் சாயங்காலம் ஆனது.

வியர்வையைப் பார்த்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், பயிற்சி வருடத்தில் வார்டில் அப்படி இரண்டு பேரைப் பார்த்திருந்தேன். உங்கள் புத்தகத்தில் உபவாசத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். கிளிமிபிரைடு என்ற பேர் எங்காவது வருகிறதா, தேடிப் பாருங்கள்.

சரி, படித்தது வீணா? இல்லை. வீட்டாருக்கு மண் பட்டி போடுங்கள், இடுப்புக் குளியல் சொல்லிக் கொடுங்கள். ஆசனம் நன்றாக வந்தால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வை எழுதி வகுப்பு எடுக்கலாம். சிறுதானியச் சமையல் சொல்லித் தரலாம். (காந்தி எந்தப் பட்டம் வைத்திருந்தார் என்று உங்கள் மகன் கேட்பான். 1946-ல் புனே பக்கத்து உருளி காஞ்சன் கிராமத்தில் அவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தது உண்மைதான். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவில்லையே!)

நோய்க்கு வைத்தியம் என்று ஃபீஸ் வாங்காதீர்கள். யார் கேட்டாலும் மாத்திரையைக் குறை, நிறுத்து என்று சொல்லவே சொல்லாதீர்கள். 'சர்க்கரை நோய் பூரண குணம்' என்று நோட்டீஸ் அடித்தால், நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ம் வருடச் சட்டம் பாயும். சர்க்கரை நோய் அதன் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் மருந்து எழுதினால் இன்னும் மோசம். பதிவில்லாமல் அந்த வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போர்டு மாட்டியே தீர வேண்டுமென்றால் 'யோகா, சிறுதானியச் சமையல் வகுப்பு' என்று எழுதி, கீழே உங்கள் பெயரை மட்டும் போடுங்கள். முன்பாதி போதும். தையல் மெஷினை எடுத்துவிட வேண்டாம்.