கல்லுக்குள் ஓடும் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் 4 ஏக்கர் தென்னைக்கு இரண்டு வருடத்தில் மூன்று போர் போட்டோம். கடைசிப் போர் 980 அடி. வெறும் புகைதான் வந்தது. மூன்று பாயிண்டுமே மெஷின் வைத்துக் குறித்தவை. 600 அடியில் ஒரு ஊற்று, 850 அடியில் ஒரு ஊற்று என்று எழுதியே கொடுத்தார்கள். மெஷின் பொய் சொல்லுமா?
- காங்கேயம் பக்கத்து விவசாயி

பதில்: நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை. அது சொல்லாததை யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மின்தடை மீட்டருக்குத் தண்ணீர் தெரியாது. நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் தரையில் அடிக்கிறோம். வெளிக்கம்பிகள் இரண்டிலும் மின்சாரம் விட்டு, உள்கம்பிகளுக்கு நடுவே எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்று அளக்கிறோம். கிடைப்பது மண்ணின், பாறையின் மின்தடை மட்டும்தான். அதை ஓம் மீட்டர் என்ற அலகில் சொல்வோம். வெடிப்பில்லாத கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர் காட்டும். தண்ணீர் ஊறிய சிதைந்த பாறை சில பத்துகளிலிருந்து நூறு, இருநூறு வரை காட்டும். களிமண்ணும் உப்புத்தண்ணீரும் அதற்கும் கீழே போய்விடும்.

கம்பிகளை அகல விரித்தால்தான் மின்சாரம் ஆழத்துக்கு இறங்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வெளிக்கம்பிகளின் அதிகபட்ச இடைவெளி 120 மீட்டர். அதை வைத்து 30, 40 மீட்டர் ஆழம் வரை ஓரளவு நம்பிச் சொல்லலாம். 850 அடி என்பது கிட்டத்தட்ட 260 மீட்டர். அந்த ஆழத்தைத் தொட ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வயர் இழுக்க வேண்டும். உங்கள் 4 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 127 மீட்டர்தான். அப்படியே இழுத்தாலும், அத்தனை ஆழத்தில் ஒரு சாண் அகல வெடிப்பு இருப்பது மேலே தெரியவே தெரியாது. அந்த 850 எங்கிருந்து வந்தது என்று எழுதியவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு 8 ஓம் மீட்டர் கிடைத்தது. அத்தனை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பாயிண்ட் வைத்தேன். இறங்கியது பிசுபிசுவென்று களிமண். கேசிங் பைப்புக்கே பெரும் செலவு. தண்ணீர் அரை இஞ்சுகூட இல்லை. அந்த வீட்டு அம்மா நகையை அடகு வைத்துப் போட்ட போர் அது. அன்றிலிருந்து மீட்டரை எடுப்பதற்கு முன்னால் சுற்றியுள்ள கிணறுகளைப் பார்த்துவிடுகிறேன்.

உங்கள் பழைய கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே நல்ல பாடம் சொல்லும். பாறைச் சுவரில் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, முன்பு ஊற்றுக்கண் எந்த மூலையில் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தத் திசைக்குக் குறுக்கே 10 மீட்டருக்கு ஒரு இடமாக, கம்பி இடைவெளியை மாற்றாமல், மீட்டரை நகர்த்தி நகர்த்தி அளக்கச் சொல்லுங்கள். எண்கள் பள்ளம் போல இறங்கி ஏறும் இடத்தில்தான் வெடிப்புப் பாறை குறுக்கிடக்கூடும். அங்கே மட்டும் ஆழத்துக்குப் பாருங்கள். உங்களுக்கு மூன்று முறையும் இந்த நடையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு இடத்தில் நேராக ஆழம் பார்த்திருக்கிறார்கள்.

வி.எல்.எஃப். கருவி வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோவை அது வாங்கிக்கொள்ளும். நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம் 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது. தண்ணீர் நிறைந்த வெடிப்பின் மேல் போகும்போது அந்த அலை சற்றுச் சாயும். கம்பி அடிக்காமல் நடந்தே பார்த்துவிடலாம். மின்கம்பிக்குக் கீழே மட்டும் அதை நம்ப வேண்டாம்.

நாலாவது போருக்கு இப்போதைக்கு ரிக் வண்டி பேசாதீர்கள்.

கேள்வி: தேங்காய் வைத்துப் பார்ப்பவர் சொன்ன இடத்தில் எங்களுக்குத் தண்ணீர் வந்ததே?
- பெருந்துறை வாசகி

பதில்: வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. சிதைந்த பாறை தடிமனாக இருக்கும் நிலத்தில் பத்து இடம் தோண்டினால் பல இடங்களில் தண்ணீர் வரும். அவர் குறித்து வராமல் போன இடங்களையும் ஒருமுறை விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரிக்கரையின் அடியில் இரண்டு இடத்தில் தண்ணீர் கசிகிறது. ஏரிப் பக்கம் எந்த இடத்தில் அது கரைக்குள் நுழைகிறது என்று கரையைத் தோண்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?
- செய்யாறு வாசகர்

பதில்: முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஓடும்போது மின்னேற்றமுள்ள அயனிகளையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தரையில் தானாகவே சிறிய மின்னழுத்தம் உண்டாகும். பொதுவாகத் தண்ணீர் நுழையும் இடத்தில் அளவு குறையும், வெளியேறும் பக்கம் கூடும். நாம் மின்சாரம் விடவே வேண்டாம்.

ஆனால் வெறும் செம்புக் கம்பியைக் குத்தி அளந்தால், கம்பியும் மண்ணும் சேர்ந்து ஒரு பேட்டரியாகி வேறு கணக்குக் காட்டும். அதனால் சுட்ட மண் குடுவையில் மயில்துத்தக் கரைசல் ஊற்றி, அதற்குள் செம்புக் கம்பி வைத்து மண்ணில் பதிக்க வேண்டும். இப்படி இரண்டு குடுவைகள், ஒரு நல்ல மல்டிமீட்டர், நீள வயர். ஒரு குடுவை கரைக்குத் தள்ளி ஓரிடத்தில் அசையாமல் இருக்கட்டும். இன்னொன்றைக் கரையோரமாக 2 மீட்டருக்கு ஒரு முறை நகர்த்தி எழுதிக்கொண்டே வாருங்கள். மதகின் இரும்பு ஷட்டர், கம்பிவேலி, மோட்டார் பைப் அருகில் வரும் எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவை ஏமாற்றும்.

ஒரே ஒரு முறை அளந்து முடிவு செய்யாதீர்கள். ஏரி நிறைந்திருக்கும் மார்கழியில் ஒரு முறை, வற்றிய பிறகு அதே இடங்களில் இன்னொரு முறை. இரண்டையும் கழித்துப் பார்த்து, மிஞ்சும் வித்தியாசத்தைக் கரையின் படத்தில் குறியுங்கள். நுழையும் வாய் அதில் தெரியும். முதல் அளவுக்கு அடித்த முளைகளைப் பிடுங்கிவிட வேண்டாம்.