குடிலை அந்த அறைக்கு மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் டிசம்பர் முழுக்கத் திருவிழாதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மெழுகுவர்த்தி ஏற்றித் தொடங்குவோம். குடில், நட்சத்திரம், முதியோர் இல்லத்தில் கேரல், 24-ஆம் தேதி இரவு லூக்கா நற்செய்தி வாசிப்பு, நள்ளிரவுப் பூசை என்று எதையும் விட்டதில்லை. எல்லாம் என் மாமியார் தொடங்கிவைத்தவை. அவரால் இப்போது நடக்க முடியாது, பின்னறையில் இருக்கிறார். குடிலைப் போட்டோ எடுத்துப் போனில் காட்டிவிடுவோம். என் கவலை பிள்ளைகளைப் பற்றி. 15 வயது மகனும் 12 வயது மகளும் எதிலும் ஒட்டுவதில்லை. கூப்பிட்டால் 'நீங்களே பண்ணுங்கம்மா' என்கிறார்கள். இந்த வழக்கங்கள் என்னோடு முடிந்துவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த வயசு அப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. அரை வரியில் நீங்கள் தாண்டிப்போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். முன்னறையில் குடில். அதை வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் பின்னறையில். ஒரே வீட்டுக்குள் அவருக்குப் போட்டோ காட்டுகிறீர்கள்!

அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. யாரோ ஒருவர் கட்டிலருகே நின்று போனை நீட்டுவார். பெரியவர் தலையணையடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் திரை அணைந்துவிடும். மறுபடி தட்டி நீட்டினால், 'நல்லா இருக்கும்மா' என்பார். போன் போய்விடும். அவருடைய கிறிஸ்துமஸ் அதோடு சரி.

1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் நிஜமாகவே கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் குழந்தை பிறந்த ஏழ்மையை ஜனங்கள் தங்கள் கண்ணாலேயே காணவேண்டும் என்று ஆசைப்பட்டார். உங்கள் மாமியாருக்கு அந்த உரிமை கிடையாதா?

பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். பாட்டி இல்லாமலே பண்டிகை நடக்கும் என்றால், தான் இல்லாமலும் நடக்கும் என்று பையன் நினைப்பதில் என்ன தப்பு? முதியோர் இல்லத்தில் போய்ப் பாடுங்கள், நல்ல காரியம். முதல் பாட்டைப் பின்னறையில் பாடிவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த வருஷம் குடில் அவர் அறையில்தான். இடம் போதாது என்று சொல்லாதீர்கள். சுரூபங்களைக் குறையுங்கள், மாதாவும் சூசையப்பரும் தீவனத்தொட்டியும் இருந்தால் குடில்தான். எது எங்கே என்று அவர் படுத்தபடியே சொல்லட்டும், பிள்ளைகள் வைக்கட்டும். மூன்று ஞானிகளை வாசற்படியில் நிறுத்தித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில் வரும் திருக்காட்சி விழாவன்று குடிலில் சேர்ப்பது மகளின் வேலை. 24-ஆம் தேதி இரவு குழந்தை இயேசுவைத் தொட்டியில் கிடத்துவது பாட்டியின் கை. கை நடுங்கினால் பேரன் தாங்கிப் பிடிக்கட்டும்.

மெழுகுவர்த்தியும் அங்கேதான். 1839-இல் ஹாம்பர்க்கில் யோஹான் விச்செர்ன் என்ற இறையியலாளர், தம் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதற்காகத்தான் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி ஏற்றிவந்தார். உங்கள் வீட்டில் நாள் எண்ணிக்கொண்டிருப்பவர் பின்னறையில் இருக்கிறார்.

மகனிடம் பாரம்பரியம் என்று பேசாதீர்கள். 'பாட்டிக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியலை, லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நீ வாசி' என்று பைபிளைக் கையில் கொடுங்கள். தன்னால் ஒருவருக்கு ஆகவேண்டியது இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வருவார்கள். கெஞ்சினால் வரமாட்டார்கள்.

கடிதம் முழுக்க உங்கள் கணவர் எங்கே? அவரைப் பெற்றவர் அல்லவா அந்த அறையில் இருப்பது? நள்ளிரவுப் பூசைக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் அம்மாவோடு யார் இருப்பார்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. இந்த முறை உங்கள் கணவர் வீட்டில் இருக்கட்டும், விடிந்ததும் காலைப் பூசைக்குப் போகட்டும். நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரும் வழக்கம் பங்குகளில் உண்டு. மாமியாருக்காக இதுவரை கேட்டிருக்கிறீர்களா? இந்த வாரமே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.