உரிமைக்காரரை ஏன் எதிர்வீட்டுக்கு அனுப்பினீர்கள்?

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய தெருவில், 1930-களில் கட்டிய வீடு எங்களுடையது. 1971-இல் அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கினார். 2019-இல் உயில் எழுதாமல் காலமானார். நான் 38 லட்சம் செலவழித்துப் புதுப்பித்தேன். பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டேன். இப்போது விற்கலாம் என்றால், என் ஒரே அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். 1986-இல் கல்யாணமானவளுக்குப் பங்கே கிடையாது என்கிறார் புரோக்கர். விளம்பரத்துக்குப் படம் எடுத்த அன்று, கூடம் விசாலமாகத் தெரிவதற்காக 84 வயது அம்மாவை எதிர்வீட்டில் உட்கார வைத்தோம். அன்றிலிருந்து அவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்காவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

- வாசகர், சென்னை-4

பதில்: அக்கா இருக்கட்டும். அம்மாவை எத்தனை மணி நேரம் எதிர்வீட்டில் உட்கார வைத்தீர்கள்? அதை எழுதவில்லை. அவருடைய கட்டிலை எங்கே தள்ளினீர்கள்? மருந்து டப்பாவையும் விபூதிக் கிண்ணத்தையும்? கூடத்துச் சுவரில் அவர் தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை, சிமென்ட் பூசியபோதே போயிருக்கும். ஐம்பது பங்குனிக்கு மேல் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தை இந்த வாசலில் நின்று பார்த்தவர், அன்று அடுத்தவர் ஜன்னல் வழியாகத் தம் வீட்டுக்குள் கேமராக்காரர் நடப்பதைப் பார்த்திருக்கிறார். பேசாமல் இருக்காமல் என்ன செய்வார்?

இத்தனைக்கும் அவர் உங்கள் தயவில் அங்கே இருப்பவர் இல்லை. அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை. எனவே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என மூன்று சம பங்கு. அம்மா கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் உங்களால் விற்க முடியாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

புரோக்கர் சொன்ன கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. 1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்ற கணக்கு, தமிழ்நாட்டில் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்காக வந்தது. அப்பா சுயமாக வாங்கிய வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் போகட்டும், பங்கே இல்லாதவளிடம் விடுதலைப் பத்திரம் எதற்குக் கேட்கிறீர்கள்?

செலவு பற்றி: ரசீதுகளை வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். நியாயமானதைக் கழித்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் செலவழித்ததால் உங்கள் பங்கு அதிகமாகிவிடாது. தவிர, செலவு செய்ததெல்லாம் மதிப்பைக் கூட்டியதா என்பதே எனக்குச் சந்தேகம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உரியும். விவரம் தெரிந்தவர் வந்தால் சுவரைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்.

வீட்டை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பதானால் அம்மா இனி எங்கே, யாரோடு இருப்பார் என்பதை அவர் வாயால் கேட்டு முடிவு செய்த பிறகுதான் விலைப் பேச்சு. பெற்றவளுக்கு இடம் பார்க்காமல் வீட்டுக்கு ஆள் பார்க்கிற பிள்ளையிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அக்காவையும் அந்தப் பேச்சுக்கு அழையுங்கள், பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகாமல்.

அடுத்த முறை வீடு பார்க்க ஆள் வரும்போது அம்மா கூடத்தில், தம் கட்டிலில் இருக்கட்டும். அறை சிறியதாகத் தெரிந்தால் தெரியட்டும்.